சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்



என் இளைய மகளுக்கு 2025 தீபாவளிதான் தலை தீபாவளி. மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில். லீவு கிடைக்காமல் வர முடியவில்லை. புடவையும் வேட்டியுமாவது போய்ச் சேரட்டும் என்று செப்டம்பர் முதல் வாரமே பார்சல் கட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். "டீச்சர், அமெரிக்காவுக்கு எந்தப் பார்சலும் வாங்கக் கூடாதுன்னு ஆர்டர் வந்திருக்கு டீச்சர்" என்றான். வீட்டுப்பாடம் செய்யாத நாளில் நிற்பானே, அதே முகம்.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

நாடு விட்டு நாடு தபால் போக ஒரு பொது ஒழுங்கு வந்தது 1874-ல். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. இந்தியா 1876-ல் சேர்ந்தது. இன்று 192 நாடுகள் இருக்கும் உலக அஞ்சல் ஒன்றியம் அப்படிப் பிறந்ததுதான். வெறும் கடிதத்துக்குச் சுங்கம் இல்லை. பார்சலுக்கு உண்டு, உள்ளே பொருள் இருக்கிறதே! அதனால்தான் என்ன பொருள், எவ்வளவு எடை, என்ன விலை என்று எழுதி மேலே ஒரு படிவம் ஒட்டுகிறோம்.

ஆனால் ஒவ்வொரு சின்னப் பொட்டலத்துக்கும் கணக்குப் பார்த்தால் என்ன ஆகும்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான். வசூலிக்கும் வரியைவிட வசூலிக்கும் செலவு அதிகம். அமெரிக்கா இதை 1938-ல் சட்டமாகவே எழுதியது. ஒரு டாலர் வரை மதிப்புள்ள பொருளுக்குத் தீர்வை வேண்டாம் என்றது. 1978-ல் அது 5 டாலர், 1993-ல் 200 டாலர், 2016-ல் 800 டாலர் ஆனது.

வாசல் பெரிதானதும் உள்ளே நுழைந்தது வியாபாரம். இணையத்தில் ஆர்டர் செய்தால் சீனாவிலிருந்து நேரே வீட்டுக்கு வரும் பார்சல்கள் பெருகின. 2015 நிதியாண்டில் இந்தச் சலுகையில் அமெரிக்காவுக்குள் வந்தவை சுமார் 13.9 கோடி. 2024-ல் சுமார் 136 கோடி! உள்ளூர்க் கடைக்காரர்கள் நியாயம் கேட்டார்கள். போதைப்பொருளும் இப்படி வருகிறது என்றது அரசு. 2025 மே 2 முதல் சீனா, ஹாங்காங் பொருட்களுக்கும், ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுப் பொருட்களுக்கும் சலுகை நின்றது.

இனி பார்சலைக் கொண்டுவருபவரே தீர்வையை வசூலித்துக் கட்ட வேண்டும் என்றார்கள். யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பது நாள் நெருங்கியும் தெளிவாகவில்லை. விமான நிறுவனங்கள் தபாலை ஏற்றத் தயங்கின. நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் பெரும்பாலானவற்றை நிறுத்தியது, மாதக் கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்தியது. உலகம் முழுவதும் 88 அஞ்சல் நிறுவனங்கள் முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தியதாக ஒன்றியம் சொன்னது. ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்கா சென்ற தபால், முந்தைய வாரத்தைவிட 81 சதவீதம் குறைவு.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 100 டாலர் வரையிலான அன்பளிப்புக்கு அப்போதும் தீர்வை கிடையாது. என் புடவையும் வேட்டியும் சேர்ந்தே எட்டாயிரம் ரூபாய்க்குள்தான். சட்டம் வழி விட்டது, ஏற்றிச் செல்லத்தான் ஆள் இல்லை. தடுக்க நினைத்தது கோடிக்கணக்கான வியாபாரப் பார்சலை. அதோடு சேர்ந்து ஒரு தாய் வீட்டுச் சீரும் நின்றுபோனது.

அக்டோபர் 15-ல் சேவை மீண்டும் தொடங்கியது. வியாபாரப் பொருளுக்கு அப்போது விலையில் 50 சதவீதம் தீர்வை, அதை இங்கேயே கட்ட வேண்டும். தீபாவளிக்கு ஐந்தே நாள். அன்று காலையே போய் நின்றேன். அதே பையன்தான் படிவம் நிரப்ப உதவினான். 'துணி' என்று எழுதப் போனேன். "பருத்திப் புடவை ஒன்று, வேட்டி ஒன்று, அன்பளிப்புன்னு தெளிவா எழுதுங்க டீச்சர்" என்று திருத்தினான். எத்தனை முறை அவன் நோட்டில் நான் திருத்தியிருப்பேன்!

பார்சல் போய்ச் சேர்ந்தபோது கார்த்திகை பிறந்துவிட்டது. தீபத்தன்று அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வீடியோ காலில் வந்தாள். "இன்னிக்குத்தாம்மா எனக்குத் தலை தீபாவளி" என்றாள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பார்சல் எங்காவது நின்றதுண்டா? கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.