அதிகாரப் பகிர்வு: மூன்று துறை மத்திய அரசு முதல் ஒரகடம் வரை

அதிகாரப் பகிர்வு என்பது ஒரு நாட்டின் மத்திய அரசும் அதன் உறுப்பு அரசுகளும் சட்டமியற்றல், வரி, நிர்வாகம் ஆகியவற்றைத் தமக்குள் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. புதிதாக விடுதலை பெற்ற அரசுகள் ஒன்றுசேரும்போது, கைக்கு வந்த அதிகாரத்தை உடனே இன்னொருவரிடம் ஒப்படைக்க மனம் வராமல், பொது அரசுக்கு மிகக் குறைவாகவே விட்டுக்கொடுக்கப் பார்க்கும். பிரிட்டனிடமிருந்து பிரிந்த 13 அமெரிக்க மாநிலங்கள் 1781-இல் அமைத்த கூட்டமைப்பின் பேரவைக்கு வரி விதிக்கும் உரிமையே இல்லை. இறக்குமதிக்கு 5 விழுக்காடு வரி போடலாம் என்று கொண்டுவந்த திருத்தம், ரோட் ஐலண்ட் என்ற சிறு மாநிலம் மறுத்ததும் நின்றுபோனது. 1789-இல் புதிய அரசமைப்பு வந்தபோது அந்தக் கூட்டமைப்பும் முடிந்தது. ஆப்பிரிக்காவில் செனகலும் காம்பியாவும் 1982-இல் தொடங்கிய கூட்டமைப்பு 1989-இல் கலைந்தது.

இந்தியாவும் 1946–47-இல் இத்தகைய தளர்ந்த கூட்டமைப்பின் வாசல்வரை சென்று திரும்பியது. அதன் விளைவுகளை இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தில் காண்பது எளிது. கார், லாரி, செல்பேசி, டயர், கண்ணாடி என்று இங்கே உருவாகும் ஒவ்வொன்றின் பின்னாலும் சென்னைக்கும் டெல்லிக்கும் இடையிலான ஒரு பங்கீடு இருக்கிறது.

மூன்று துறை மட்டும்

பெதிக்-லாரன்ஸ், ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ், ஏ. வி. அலெக்சாண்டர் ஆகிய மூவர் கொண்ட கேபினட் தூதுக்குழு 1946 மே 16-இல் தன் திட்டத்தை வெளியிட்டது. அதன்படி மத்திய அரசுக்கு வெளியுறவு, பாதுகாப்பு, தகவல்தொடர்பு ஆகிய மூன்றும், அவற்றுக்கு வேண்டிய பணம் திரட்டும் உரிமையும்தான். மற்ற அனைத்தும், பெயர் சொல்லப்படாத எஞ்சிய அதிகாரங்கள் உட்பட, மாகாணங்களுக்கு. மாகாணங்கள் மூன்று தொகுதிகளாகச் சேரலாம். சென்னை மாகாணம் முதல் தொகுதியில் இருந்தது. 1946 டிசம்பர் 13-இல் அரசியல் நிர்ணய சபையில் நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானமும் எஞ்சிய அதிகாரங்களோடு கூடிய தன்னாட்சி அலகுகளைப் பற்றியே பேசியது.

1947 ஜூன் 3-இல் பிரிவினைத் திட்டம் வந்ததும் காற்று திசைமாறியது. நேரு தலைமையிலான ஒன்றிய அதிகாரக் குழு ஏறத்தாழ ஒரு மாதத்தில், பிரிவினை உறுதியான பின் பலவீனமான மத்திய அரசு நாட்டுக்குக் கேடு என்ற முடிவுக்கு வந்தது. தனிநாடு கேட்ட முஸ்லிம் லீகை இந்தியாவுக்குள் வைத்திருக்கத் தர இசைந்த விலையை, லீக் வெளியேறிய பின் யாரும் தரத் தயாராக இல்லை. அந்த விலையில் சென்னை மாகாணத்துக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதைப் பலர் அப்போது கவனிக்கவில்லை. கவனித்தவர்களில் ஒருவர் அரசியல் நிர்ணய சபையின் சென்னை உறுப்பினர் கே. சந்தானம். எல்லாப் பொறுப்பையும் மத்திய அரசின் தலையில் ஏற்றினால் அது வலுப்பெறாது என்று அவர் சபையில் எச்சரித்தார்.

சுதேச சமஸ்தானங்கள் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 1947 ஆகஸ்டில் அவை கையெழுத்திட்ட இணைப்பு ஆவணத்தில் விட்டுக்கொடுத்தவை அதே மூன்று துறைகள்தாம். சட்டப்படி பார்த்தால் விடுதலை நாளன்று இந்தியாவின் ஒரு பாதி தளர்ந்த கூட்டமைப்பாகவே இருந்தது. திருவிதாங்கூர் திவான் சி. பி. ராமசாமி ஐயர் 1947 ஜூனில் தனிநாடாகவே இருக்கப்போவதாக அறிவித்தார். ஜூலை 25-இல் அவர் மீது நடந்த கொலைமுயற்சிக்குச் சில நாள்களுக்குப் பின் சமஸ்தானம் இணைந்தது. தமிழகத்தின் நடுவே இருந்த புதுக்கோட்டை 1948 மார்ச் 3-இல் சென்னை மாகாணத்தில் கரைந்தது. மூன்று துறை இந்தியா பெரும்பாலான இடங்களில் நீண்ட காலம் நீடிக்கவில்லை.

பட்டியல்களும் ஒரு சிறு நிபந்தனையும்

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு, 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் ஏழாம் அட்டவணையில் மூன்று பட்டியல்களை வைத்தது: மத்தியப் பட்டியலில் 97 இனங்கள், மாநிலப் பட்டியலில் 66, பொதுப்பட்டியலில் 47. எஞ்சிய அதிகாரம் டெல்லிக்குப் போனது. மாநிலப் பட்டியலின் 24-ஆம் இனம் ‘தொழில்கள்’. ஆனால் அதன் வாலில் ஒரு நிபந்தனை உண்டு. பொதுநலன் கருதி எந்தத் தொழிலை மத்திய அரசு கட்டுப்படுத்த வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டத்தால் அறிவிக்கிறதோ, அது மத்தியப் பட்டியலின் 52-ஆம் இனத்துக்குள் போய்விடும். 1951-இல் இயற்றப்பட்ட தொழில்கள் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் இந்தக் கதவைத் திறந்தது. அட்டவணையில் அறிவிக்கப்பட்ட தொழில்கள் பெருகப் பெருக, புதிய ஆலைக்கும் விரிவாக்கத்துக்கும் டெல்லியின் லைசென்ஸ் கட்டாயமாயிற்று.

தமிழ்நாட்டின் மாநில சுயாட்சிக் குரலுக்கு மொழி எவ்வளவு காரணமோ, இந்த லைசென்ஸும் அவ்வளவு காரணம். மு. கருணாநிதி அரசு 1969 செப்டம்பரில் முன்னாள் தலைமை நீதிபதி பி. வி. ராஜமன்னார் தலைமையில், ஏ. லட்சுமணசாமி முதலியார், பி. சந்திரா ரெட்டி ஆகியோரைக் கொண்ட குழுவை அமைத்தது. 1971 மே மாதம் வந்த அறிக்கை பட்டியல்களைத் திருத்தவும், எஞ்சிய அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தரவும் பரிந்துரைத்தது. ‘மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி’ என்ற முழக்கம் அக்காலத்தது. 1974 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது; 1976 ஜனவரி 31-இல் அந்த அரசே கலைக்கப்பட்டது. மத்திய அரசு 1983-இல் அமைத்த சர்க்காரியா குழு பட்டியல்களில் பெரிதாகக் கைவைக்கச் சொல்லவில்லை.

ராஜமன்னார் குழு அறிக்கை தந்த அதே 1971-இல், அதிகம் பேசப்படாத இன்னொன்றும் நடந்தது: சிப்காட் என்ற தமிழ்நாடு மாநிலத் தொழில் முன்னேற்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. லைசென்ஸ் டெல்லியில் இருக்கட்டும், நிலமும் தண்ணீரும் சாலையும் நம்மிடம்தானே என்ற கணக்கு அது.

டெல்லி விலகியபோது

1991 ஜூலை 24-ஆம் நாள் தொழிற்கொள்கை 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு லைசென்ஸை நீக்கியது. கார் அந்தப் பதினெட்டில் ஒன்று. அதற்கான விலக்கு 1993-இல் வந்தது. இதற்காக அரசமைப்பில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. ராஜமன்னார் குழு கேட்டுப் பெறாததை, அன்னியச் செலாவணி நெருக்கடியில் சிக்கிய மத்திய அரசு தானாக விலகித் தந்துவிட்டது. தந்தது உரிமையாக அல்ல, வெற்றிடமாக. அதனால் மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டே அதை நிரப்ப வேண்டியதாயிற்று.

அந்தப் போட்டியில் தமிழ்நாடு முந்தியது. ஹூண்டாய் 1996-இல் இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தது. 1998-இல் முதல் சான்ட்ரோ வெளிவந்தது. நோக்கியா 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியது. 2010 மார்ச்சில் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லரின் லாரி ஆலை, 2013-இல் ராயல் என்ஃபீல்டு என ஒரகடம் நிறைந்தது. பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று சிப்காட் பூங்காக்கள் விரிந்தன. ஒரகடத்தில் ஒன்றையொன்று வெட்டும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் மாநில நெடுஞ்சாலைகள். வடக்கே பெங்களூரு சாலை தேசிய நெடுஞ்சாலை. ஏற்றுமதிக் கார்கள் போய்ச்சேரும் சென்னை, எண்ணூர் துறைமுகங்கள் மத்திய அரசுக்குரியவை. பக்கத்துக் காட்டுப்பள்ளி மாநில அரசின் வரம்பில் வரும் சிறு துறைமுகம். சிறப்புப் பொருளாதார மண்டலம் வேண்டுமென்றால் மாநிலம் பரிந்துரைக்க வேண்டும், டெல்லியின் ஒப்புதல் வாரியம் ஏற்க வேண்டும்.

நோக்கியா, நிசான்: வாக்கு யாருடையது?

பங்கீட்டின் விரிசல் இரண்டு வழக்குகளில் வெளிப்பட்டது. நோக்கியாவின் பின்லாந்து தலைமையகத்துக்குச் சென்ற மென்பொருள் உரிமத்தொகைக்கு வரி பிடிக்கவில்லை என்று வருமானவரித் துறை 2013-இல் சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. 2014-இல் மாநில வணிகவரித் துறை, ஏற்றுமதி என்று காட்டிய செல்பேசிகள் உள்நாட்டில் விற்கப்பட்டன என்று 2,400 கோடி ரூபாய் கேட்டது; நிறுவனம் அதை மறுத்தது. இரு அரசுகளும் தனித்தனியே தம் அதிகாரத்துக்கு உட்பட்டே செயல்பட்டன. வழக்கில் முடங்கிய ஆலை, நிறுவனம் மைக்ரோசாஃப்டுக்கு விற்ற சொத்துகளில் சேராமல் தனித்து நின்று, 2014 நவம்பர் 1-இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது சென்னையா டெல்லியா என்ற கேள்விக்கு அரசமைப்பில் விடையில்லை.

நிசான் வழக்கு இன்னும் வினோதமானது. 2008 உடன்படிக்கையில் தமிழ்நாடு அரசு உறுதியளித்த வரிச்சலுகைத் தொகை வந்துசேரவில்லை என்று கூறிய நிறுவனம், 2016-இல் நோட்டீஸ் அனுப்பியது பிரதமருக்கு. 2017-இல் இந்திய–ஜப்பானிய பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தின்படி பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. அங்கே எதிர்மனுதாரர் இந்தியா. தமிழ்நாடு என்ற பெயருக்கு அந்த அரங்கில் தனி இருக்கை இல்லை. வாக்கு கொடுத்தது மாநிலம், வாசலில் நின்றது மத்திய அரசு. 2020-இல் சமரசமாக முடிந்தது. தொழிலை ஈர்க்கும் போட்டியில் மாநிலங்கள் வெளிநாட்டு நிறுவனங்களோடு நேரடியாகப் பேசலாம் என்று டெல்லி விட்டிருந்தது. வெளியுறவு மட்டும் மத்தியப் பட்டியலிலேயே இருந்தது.

வரி கைமாறியது

2017 ஜூலை 1 வரை, ஒரகடத்தில் செய்த கார் வேறு மாநிலத்தில் விற்றால் மத்திய விற்பனை வரி என்ற பெயரில் வசூலாகும் தொகை தமிழ்நாட்டுக்கே வந்தது. கடைசிக் கட்டத்தில் அது 2 விழுக்காடுதான் என்றாலும், உற்பத்தி செய்யும் மாநிலத்துக்கு உற்பத்தியில் ஒரு பங்கு என்ற கொள்கை அதில் இருந்தது. சரக்கு மற்றும் சேவை வரி நுகரும் மாநிலத்துக்குப் போகிறது. பாட்னாவில் விற்ற காரின் மாநில வரி பீகாருக்கு. நிலமும் தண்ணீரும் மின்சாரமும் தருவது ஒரு மாநிலம், வரி பெறுவது இன்னொன்று. 2016 ஆகஸ்டில் இதற்கான அரசமைப்புத் திருத்தம் மாநிலங்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர். இழப்பீடு ஐந்தாண்டுகளுக்குக் கிடைத்தது. 2022 ஜூனோடு அந்தக் காலம் முடிந்தது.

வரி விகிதத்தை முடிவுசெய்யும் ஜி.எஸ்.டி. மன்றத்தில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கு. தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதாவது எல்லா மாநிலங்களும் ஒன்றுகூடினாலும் டெல்லி இசையாமல் எதுவும் நகராது. மன்றத்தின் பரிந்துரை யாரையும் கட்டாயப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் கூறியும், தனிவழி போக எந்த மாநிலமும் துணியவில்லை. நிதிக்குழுப் பங்கீட்டிலும் தமிழ்நாட்டின் பங்கு பத்தாம் குழுவில் இருந்த 6.637 விழுக்காட்டிலிருந்து பதினைந்தாம் குழுவில் 4.079 ஆகச் சரிந்தது.

நிலமும் உழைப்பும்

பொதுப்பட்டியலில்தான் உண்மையான இழுபறி நடக்கிறது. நிலம் மாநிலப் பட்டியல். நிலம் கையகப்படுத்தல் பொதுப்பட்டியல். தொழில்களுக்காக நிலம் எடுக்கத் தமிழ்நாடு 1997-இல் தனிச்சட்டம் இயற்றியது. உழவர் ஒப்புதலையும் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் வலியுறுத்தும் மத்திய சட்டம் 2013-இல் வந்ததும், அதிலிருந்து தன் சட்டத்துக்கு விலக்களிக்கும் 105ஏ பிரிவை மாநிலம் சேர்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் அதைச் செல்லாது என்றது. சட்டமன்றம் உடனே பழைய சட்டங்களுக்கு உயிரூட்டும் புதுச் சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. மாநில உரிமைக்குக் கிடைத்த வெற்றி என்று இதைக் கொண்டாடலாம். ஆனால் அந்த உரிமையைக் கொண்டு மாநிலம் செய்தது, மத்திய சட்டம் உழவருக்குத் தந்த காப்பைக் கழித்ததுதான். சுயாட்சி பற்றிய எழுத்துகளில் இந்தப் பக்கம் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

தொழிலாளர் சட்டத்திலும் இதே சாயல். வேலைநேரத்தைத் தளர்த்தி நாளொன்றுக்கு 12 மணிவரை அனுமதிக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்க்க, மே நாளன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 2024 செப்டம்பர் 9 முதல் ஐந்து வாரத்துக்கு மேல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் சங்கத்தைப் பதிவுசெய்யக் கேட்டது 1926-ஆம் ஆண்டின் மத்திய சட்டப்படி. பதிவு செய்ய வேண்டியவர் மாநிலத் தொழிலாளர் துறைப் பதிவாளர். சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இருப்பதைக் காரணம் காட்டிய தகராறு உயர் நீதிமன்றம்வரை சென்று, 2025 ஜனவரி 27-இல் பதிவு கிடைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்த 1926 சட்டம் உள்ளிட்ட 29 சட்டங்களுக்குப் பதிலாக நான்கு மத்திய தொழிலாளர் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன.

மூன்றாம் அடுக்கு

2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மத்திய–மாநில உறவை ஆராயும் உயர்நிலைக் குழுவை அறிவித்தது. ராஜமன்னார் குழுவுக்குப் பின் ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த இந்தக் குழு, சென்னைக்கும் டெல்லிக்கும் இடையிலான வழக்கையே மறுபடி எடுத்துள்ளது.

அந்த வழக்கில் தரப்பாகக் கூட இல்லாதது ஊராட்சி. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பட்டியலிட்டது. சிறுதொழில் அதில் உண்டு, பெருந்தொழில் இல்லை. தொழில்தடத்துக்கு மேற்கே பரந்தூர் விமான நிலையத்துக்காக நிலம் கேட்கப்பட்ட ஏகனாபுரத்தில் 2022 முதல் கிராம சபை எதிர்ப்புத் தீர்மானங்களை நிறைவேற்றி வருகிறது. நிலம் எடுப்பது மாநிலத்தின் 1997 சட்டப்படி. விமான நிலையத்துக்கான கொள்கையளவு ஒப்புதலை 2025-இல் தந்தது மத்திய அரசு. கிராம சபைத் தீர்மானம் இந்த இரண்டில் எதையும் சட்டப்படி தடுக்காது.