ஆண்மைச் சுரப்பும் அளவையும்

ஆண்மை என்னும் சொல் ஆளுந்தன்மை, வீரம், முயற்சி எனப் பல பொருள்பட வருவதைத் தமிழறிஞர் அறிவர். பிறன்மனை நோக்காமையை வள்ளுவர் பேராண்மை என்றார், அது அறத்தின்பாற்பட்டது. ஐரோப்பிய மருத்துவமோ பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இதனை உடலிற் சுரக்கும் ஒரு பொருளின் செயலாகக் காண முற்பட்டது. டெஸ்டோஸ்டெரோன் எனப்படும் அப்பொருளின் குறைவை அறிந்து மருந்து கண்ட வரலாற்றில் விழைவு முன்னே ஓடிற்று. அளவை மெல்லப் பின்வந்தது. அதனை விளக்குதலே ஈண்டு நோக்கம்.

காயடித்தலின் விளைவைப் பண்டு தொட்டே உழவரும் அறிந்திருந்தனர். அஃது எவ்வழியால் நிகழ்கின்றது என்பதை முதற்கண் ஆய்ந்தவர் செருமானிய நாட்டுக் கெட்டிங்கன் நகரத்துப் பெர்த்தோல்டு. 1848-ஆம் ஆண்டு அவர் இளஞ்சேவல்கள் ஆறனைத் தேர்ந்தார். இரண்டன் விரைகளை முற்றும் நீக்கினார்; அவற்றின் கொண்டை சிறுத்தது; கூவுதலும் போரிடுதலும் ஒழிந்தன. ஏனைய நான்கனுள்ளும் ஒவ்வொரு விரை, நரம்புத் தொடர்பு அற்று, வயிற்றறைக்குள் நின்றது. இவற்றுள் இரண்டற்கு வாய்த்தது பிறிதொரு சேவலின் விரையாகும். நான்கும் குறைவின்றிச் சேவலாகவே வளர்ந்தன. அறுத்து நோக்கியபொழுது விரையைச் சூழப் புதிய குருதிக்குழாய்கள் காணப்பட்டன, நரம்பு காணப்படவில்லை. எனவே, விரை குருதியின் வாயிலாகவே உடல் முழுவதையும் ஆள்கின்றது என அவர் துணிந்தார். 1849-இல் வெளிவந்த அக்கட்டுரை சில பக்கங்களே உடையது. அதனை நெடுங்காலம் ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

உலகம் செவிசாய்த்தது வேறொருவர்க்கே. மொரீசியசுத் தீவிற் பிறந்த பிரௌன்-செக்கார் என்னும் புகழ்பெற்ற உடலியலறிஞர், தம் எழுபத்திரண்டாம் அகவையில், 1889 சூன் முதல் நாள், பாரிசு அறிஞர் கழகத்தில் ஒரு செய்தி கூறினார். நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தம் உடலில் ஊசியாற் செலுத்திக்கொண்டதாகவும், இழந்த வலிமை மீண்டதாகவும் உரைத்தார். அவரைப் பொய்யர் என்றல் பொருந்தாது. தம் கைவலிமையைக் கருவியால் அளந்தும் காட்டினார். ஆயின் ஆய்பவரும் ஆயப்படுபவரும் ஒருவரே. விரை தன் சுரப்பைத் தேக்கி வைப்பதில்லை. அச்சுரப்பு நீரில் எளிதிற் கரைவதுமன்று. 2002-இல் ஆத்திரேலிய ஆய்வாளர் அம்முறைப்படியே சாறு பிழிந்து அளந்தபோது, பயன்தர வல்ல அளவு அதில் இல்லையென்பது தெளிவாயிற்று. காட்சியளவை போலத் தோன்றிய அது, நம்பிக்கை விளைத்த மயக்கமே. பின்னர்க் குரங்கின் விரைத்துண்டை மனிதர்க்கு ஒட்டிய வொரொனாவ் என்பாரின் கதையும் இவ்வகையினதே, விரித்தல் வேண்டா.

அளவை மீண்டது சேவலின் கொண்டையால் எனலாம். காயடித்த சேவலின் கொண்டையை ஒரு சாறு வளர்க்குமாயின் அதனுள் சுரப்பு உண்டு என்பது உறுதி. 1927-இல் சிகாகோவில் காக்கு, மெக்கீ இருவரும் 40 பவுண்டு காளைவிரையினின்று 20 மில்லிகிராம் வீரியப் பொருளைப் பிரித்தனர். 1931-இல் பூட்டெனாண்டு 15,000 லிட்டர் சிறுநீரிலிருந்து 15 மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டெரோனைப் பெற்றார். சிறுநீர் அளித்தோர் பெர்லின் காவலர். அவர் பணியாற்றியதோ பெர்த்தோல்டின் கெட்டிங்கனில். 1935-இல் ஆம்சுடர்டாமில் லாக்கர் குழுவினர் டெஸ்டோஸ்டெரோனையே படிகமாக்கினர். அவ்வாண்டிலேயே பூட்டெனாண்டும் ருசிக்காவும் தனித்தனியே கொலஸ்டிராலிலிருந்து அதனை ஆக்கினர். 1939-இல் இருவர்க்கும் வேதியியல் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. பூட்டெனாண்டு அதனை ஏற்க நாசி அரசு இடந்தரவில்லை.

மருந்து கிடைத்தபின் யார்க்கு அது வேண்டும் என்னும் வினா எழுந்தது. 1944-இல் எல்லர், மயர்சு இருவரும் பிட்யூட்டரிச் சுரப்பினையும் அளந்து, மெய்யான குறைவுடையாரை வேறு காரணத்தாற் சோர்ந்தாரினின்று பிரித்தனர். முன்னவர் மருந்தால் தேறினர்; பின்னவர் தேறவில்லை. இப்பகுப்பே இவ்வரலாற்றில் தலையாயது என்பது எம் கருத்து. இன்றும் காமவேட்கை குன்றல் முதலிய குறிகளோடு, இருவேறு நாட்காலையில் எடுத்த குருதியிலும் அளவு குறைந்திருந்தாலன்றிக் குறைநோய் எனத் துணிதல் முறையன்று. முதுமையால் நேரும் இயல்பான தாழ்வு வேறு. விரை அல்லது பிட்யூட்டரி பழுதுற்றமை வேறு. 2023-இல் வெளியான, ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரை உட்படுத்திய டிராவர்சு ஆய்வு, மாரடைப்பு முதலியன இம்மருந்தால் மிகவில்லை எனக் கண்டது. எனினும் இதயத்துடிப்புப் பிறழ்வும் நுரையீரற் குருதியடைப்பும் மருந்துண்டாரிடம் சற்று மிகுதி.

மற்றொன்றும் நோக்கற்பாலது. வெளியிலிருந்து சுரப்பைச் செலுத்துங்கால் பிட்யூட்டரி தன் ஏவலை நிறுத்திவிடுகின்றது; விந்தணு ஆக்கம் குன்றுகின்றது. ஆகலின் மகப்பேறு விழைவார்க்கு டெஸ்டோஸ்டெரோன் தருவதை மருத்துவர் தவிர்த்து, விரையையே தூண்டும் மருந்தை நாடுவர்.