மலை இறங்கும் பஸ்ஸின் இன்னொரு பிரேக்

நமது காரைக்குடிச் சீமை சமதளம். கண்மாய்க் கரை ஏறி இறங்குவதுதான் நமக்கு மேடு பள்ளம். அதனால்தானோ என்னவோ, கொடைக்கானல் போய்த் திரும்பும்போது பஸ் வளைவுக்கு முன் அடைத்த குரலில் உறுமி, பிறகு "புஸ்" என்று மூச்சு விட்டால், என்ஜினில் ஏதோ கோளாறு என்று பக்கத்து சீட்டுக்காரரைப் பார்க்கிறோம். அதுதான் எக்ஸாஸ்ட் பிரேக்.

பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலேட்டரை விட்டால் காற்று வரும் வழி அடைபடும்; என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசல் என்ஜினில் அந்த அடைப்பு இல்லை. காற்று தாராளமாக வந்து போகும். டீசல் மட்டும் குறையும். ஆகவே பிடிப்பும் குறைவு. ஐம்பது பேரோடு இறங்கும் பஸ்ஸின் பாரம் முழுவதும் டிரம்மிலும் லைனரிலும்தான் விழும். தொடர்ந்து மிதித்தால் டிரம் கொதிக்கும், லைனர் கருகி நாறும், ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது.

1931இல் அமெரிக்காவில் இதுதான் நடந்தது. டீசல் என்ஜின் செய்த கிளெஸ்ஸி கம்மின்ஸ், நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை சாதனை ஓட்டமாக ஒரு லாரியில் போனார். கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் போய்விட்டது. கீழே ரயில்வே கேட். சரக்கு ரயில் ஒன்று கடந்துகொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி நகர்ந்த நொடியில் லாரி பாய்ந்து தப்பியது. அவர் அதை மறக்கவில்லை. கம்பெனியை விட்டு ஓய்வுபெற்ற பிறகு உட்கார்ந்து, என்ஜினையே காற்று அமுக்கும் கம்ப்ரஸராக மாற்றும் பிரேக்கை வடிவமைத்தார். (ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்று கேட்பவர்கள் கவனிக்க.) டிரில் சக் செய்துவந்த ஜேக்கப்ஸ் கம்பெனி 1961இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நம் மலை பஸ்களில் உள்ளது அதைவிட எளிய சரக்கு. புகைக் குழாயில் ஒரு தட்டு. டிரைவர் சுவிட்சைத் தட்டினால் காற்றழுத்தத்தில் அது மூடிக்கொள்ளும், டீசலும் நிற்கும். வெளியே போக வழியில்லாத காற்றைப் பிஸ்டன் எதிர்த்துத் தள்ளவேண்டும். அந்தச் சிரமம் கியர்பாக்ஸ் வழியாகப் பின் சக்கரத்துக்குப் போய் வேகம் தணியும். லைனர் தேயாது, சூடேறாது; அவசரத்துக்குக் கால் பிரேக் குளிர்ச்சியாகக் காத்திருக்கும். வண்டியை முழுக்க நிறுத்த இதற்குச் சக்தி கிடையாது. கீழ் கியரில், என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் நன்றாகப் பிடிக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொன்னது இதனால்தான்.

டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுபவர்களை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது. நியூட்ரலில் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. தட்டு மூடினாலும் பயனில்லை. இன்றைய என்ஜின்களில் மிச்சமும் இல்லை. கியரில் இறங்கும்போது டீசல் தானாக நின்றுவிடும். நியூட்ரலில்தான் சும்மா ஓட டீசல் குடிக்கும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறையில் 40. அங்கே இந்தக் கணக்கு உதவாது.

இப்போது சொகுசு பஸ்களில் ரிடார்டர் என்று ஒன்று வந்திருக்கிறது. அதில் உறுமலும் இல்லை, புஸ்ஸும் இல்லை.