கணினிக்கும் ஞாபகம் போதாத காலம்

நம்மூர்ப் பெரியவர்கள் பலருடைய பேரன் பேத்திகள் இப்போது 'கேட்' படிக்கிறார்கள். கணினியில் வீடு, பாலம், சாலை எல்லாம் வரையும் படிப்பு. "படம் பாதியிலே நின்னு போச்சு தாத்தா, மெமரி பத்தலை" என்று அவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். இந்தத் தொல்லை அந்தத் தொழில்நுட்பத்தோடு சேர்ந்தே பிறந்தது. வரைவாளர்களுக்குப் பக்கத்து அறையில் குமாஸ்தாவாக இருந்து நான் பார்த்ததையும் படித்ததையும் சொல்கிறேன்.

'ராம்' என்பதைப் பிரெஞ்சில் 'மெம்வார் வீவ்' என்பார்கள். உயிருள்ள நினைவு என்று பொருள். புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்தச் சொல்தான் சட்டென்று விளங்கியது. கரண்ட் இருக்கும்வரை உயிர், போனால் போச்சு.

1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆய்வு மாணவர், திரையில் ஒளிப்பேனாவால் கோடு வரையும் 'ஸ்கெட்ச்பேட்' நிரலை உருவாக்கினார். அது ஓடிய டி.எக்ஸ்-2 கணினியின் பிரதான நினைவகம் இன்றைய கணக்கில் சுமார் 3 லட்சம் பைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அது காணாது. ஆனால் அதில் ஒரு நல்ல யுக்தி இருந்தது. ஓர் உருவத்தை ஒரே ஒரு தடவை பதிந்துவிட்டு, அது வரும் மற்ற இடங்களில் 'மேற்படி' என்று குறிப்பு மட்டும் வைப்பது. இடமும் மிச்சம், மூலத்தைத் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும்.

அடுத்து 1981-இல் ஐ.பி.எம். பி.சி. வந்தது, 1982-இல் ஆட்டோகேட் வந்தது. அந்த பி.சி.யின் சிப்பில் முகவரிக்கு 20 கம்பிகள். அதனால் 10,48,576 பைட்டுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. அதிலும் நிரல்களுக்குக் கிடைத்தது 640 கே.பி. மட்டுமே.

இது எவ்வளவு குறைவு என்பதற்கு நம் தொப்பூர் கட்டமேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவைக் காட்ட, ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளை இணைத்துக் கோடு போடுவார்கள். ஒரு புள்ளிக்குக் கிழக்கு, வடக்கு, உயரம் என மூன்று எண்கள். ஓர் எண்ணுக்கு 8 பைட். 10,000 புள்ளிகள் என்றால் எண்களுக்கு மட்டுமே 2,40,000 பைட். 640 கே.பி.யில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. டாஸும் ஆட்டோகேடும் எங்கே உட்காரும்?

அதனால் ஆட்டோகேட் தன்னையே துண்டு துண்டாக வெட்டிக்கொண்டது. வேலைக்கு வேண்டிய துண்டு மட்டும் உள்ளே வரும். மற்றவை வட்டில் காத்திருக்கும். உள்ளே எழுதும் 'லிஸ்ப்' நிரல்களுக்கு 45,000 பைட்டுக்குள் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும். வரைவாளர்கள் ஒரு சாலையைப் பல தாள்களாகப் பிரித்து வரைவார்கள். 1990-இல் வந்த 11-ஆம் பதிப்பில், ஒரு படத்துக்குள் இன்னொன்றை ஒட்டாமல், வேண்டும்போது வரவழைத்துக் காட்டும் வசதி கிடைத்தது.

நான் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், சர்வே ஆட்கள் வெயிலில் மலையேறி எடுத்துவந்த அளவுகளை ஓர் இளைஞர் காலை முதல் ஏற்றிக்கொண்டிருந்தார. சாயங்காலம், நினைவகம் தீர்ந்தது என்று திரையில் ஒரு வரி. சேமிக்காதது அத்தனையும் போயிற்று. ஃபீல்டு புக் பத்திரமாக இருந்ததால் அந்த ஆட்கள் மறுபடி மலையேறவில்லை. அன்றிலிருந்து கால் மணிக்கு ஒரு தடவை சேமிப்பது அங்கே சட்டமானது.

1985-இல் வந்த 386 சிப் அந்த 640 வேலியை உடைக்க வழி செய்தது. அப்புறம் கூடுதல் மெமரி வாங்கக் குறிப்பு எழுதியவன் நான்தான். "கணினி வாங்கியாகிவிட்டதே, மெமரி எதற்குத் தனியாக?" என்று தணிக்கையில் கேட்டார்கள். பதில் எழுதவே இரண்டு பக்கம் ஆயிற்று.

ஆனால் அந்தத் தலைமுறைக்கும் ஓர் எல்லை இருந்தது. 32 பிட்டில் எண்ண முடிவது 4 ஜி.பி.; விண்டோஸ் அதில் வழக்கமாக ஒரு நிரலுக்குத் தந்தது 2 ஜி.பி. ஆட்டோகேட் 2008 பதிப்பில்தான் 64 பிட்டுக்கு வந்தது. இப்போது லேசர் கருவி ஒரு மலையையே கோடிக்கணக்கான புள்ளிகளாக அள்ளிவருகிறது. மறுபடியும் பற்றாக்குறை!

பாத்திரம் பெரிதானால் சோறும் கூடுகிறது, அவ்வளவுதான். இதற்கான மருந்து அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்குப் புதிதல்ல. ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம் என்று கோப்புகளைத் தரம் பிரித்து, கெடு முடிந்ததைக் கழித்தோம். கழிக்காத அலுவலகத்தில் பதிவறை நிரம்பி, வேண்டிய கோப்பு கைக்கு வராது. ஆட்டோகேடிலும் 'பர்ஜ்' என்று ஒரு கட்டளை உண்டு. படத்தில் பயன்படாமல் தங்கிக்கிடக்கும் அடுக்குகளையும் உருவங்களையும் அது நீக்கும்.

பேரப்பிள்ளைகள் மெமரி வாங்கப் பணம் கேட்டால் கொடுங்கள். கொடுக்கும் முன், "பர்ஜ் பண்ணினாயா? படத்தைப் பிரித்து வைத்தாயா? அப்பப்ப சேமிக்கிறாயா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். தாத்தாவுக்கு எப்படித் தெரியும் என்று அசந்துபோவார்கள்.