சமூக மறுவாழ்வுத் திட்டம் (மலேசியா)

சமூக மறுவாழ்வுத் திட்டம் என்பது, வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் உட்பட மாற்றுத்திறனாளிகளுக்கு அவர்கள் வாழும் ஊரிலேயே பயிற்சியும் ஆதரவும் அளிக்கும் மலேசிய அரசின் சேவையாகும். மலாய்ப் பெயரின் சுருக்கமான பி.டி.கே. என்றே மக்கள் இதை அழைக்கின்றனர். சமூக நலத்துறை இதற்குப் பொறுப்பு வகிக்கிறது.

தோற்றம்

1978இல் நடந்த அல்மா அட்டா மாநாட்டுக்குப் பின், மறுவாழ்வுப் பணியை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுசெல்லும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரப்பியது. மலேசியாவில் 1984ஆம் ஆண்டு திரெங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் 55 பேருடன் இத்திட்டம் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் 500க்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன.

செயல்முறை

ஒவ்வொரு நிலையத்தையும் உள்ளூர்க் குழு நடத்துகிறது. மேற்பார்வையாளருக்கும் பணியாளர்களுக்கும் அரசு படித்தொகை தருகிறது. பயிற்சி நிலையத்திலோ, வீட்டிலோ, இரண்டு இடங்களிலுமோ நடைபெறும். உடலியக்கம், பேச்சு, தன்னைப் பேணுதல், எண்ணெழுத்து, தொழில் ஆகியவை கற்றுத்தரப்படுகின்றன.

சட்டைப் பொத்தான் போடுவதைக்கூடச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியிலிருந்து தொடங்கிக் கற்றுத்தரலாம். பயிற்றுநர் பொத்தானைத் துளையில் பாதி நுழைத்துக் கொடுப்பார். பிள்ளை மறுபக்கம் பிடித்து இழுத்தால் போதும். அது கைவந்த பின் அதற்கு முந்தைய படி. வேலை முடிந்த மகிழ்ச்சி முதல் நாளே பிள்ளைக்குக் கிடைத்துவிடும். வீட்டில் அம்மாவும் அதே முறையைப் பின்பற்றினால் பழக்கம் நிலைக்கும்.

பதிவு

2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பதிவுக்கு வழிசெய்கிறது. ஆட்டிசம், டவுன் நோய்க்குறி, அறிவுத்திறன் குறைபாடு முதலியவை 'கற்றல் குறைபாடு' என்ற பிரிவில் அடங்கும். மருத்துவரின் உறுதிச் சான்றுடன் சமூக நலத்துறையில் விண்ணப்பித்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டை கிடைக்கும். பதிவு கட்டாயமன்று, எனினும் உதவித்தொகைக்கும் பல சலுகைகளுக்கும் இந்த அட்டையே அடிப்படை.

தோட்டப்புறச் சூழல்

போர்ட்டிக்சன் கடலோரத்தில் உள்ள சி ரூசாவுக்கு உள்நாட்டுப் பக்கமாக லின்சம், சிலியாவ், சுவா பெத்தோங் போன்ற தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்தனர். விடியற்காலைப் பெரட்டு எனும் வருகைப்பதிவு முடிந்து தாய் பால்மரம் வெட்டப் போனதும் பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் இருப்பார்கள். நடக்கவும் பேசவும் பிந்திய பிள்ளைக்கும் அதுவே பகல்நேரப் பாதுகாப்பு. ஆயாவும் லயம் எனும் வரிசை வீடுகளின் அண்டை வீட்டாரும் காட்டிய அன்பு பெரிது. ஆனால் பயிற்சி தருவோர் அங்கில்லை. பின்னாளில் குடும்பங்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தபோது அந்த அண்டைத் துணையும் குறைந்தது.

வண்டி வசதியில்லாத குடும்பத்துக்கு நிலையம் எட்டாத தூரத்தில் இருந்தால், சேவை பெயரளவில் நின்றுவிடும். வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் முறை தோட்டப்புறத்துக்கு மிகவும் தேவைப்படுவது இதனால்தான்.

பள்ளிக் கல்வியைப் பொறுத்தவரை, 2019 முதல் கல்வி அமைச்சு, எந்த மாற்றுத்திறன் மாணவரையும் பள்ளி புறக்கணிக்கக் கூடாது என்ற கொள்கையைக் கடைப்பிடிக்கிறது. எனினும், பிள்ளையின் வளர்ச்சி பிந்துவதாகத் தோன்றினால், பள்ளி வயது வரும்வரை காத்திராமல் அரசுச் சுகாதார நிலையத்தில் உடனே காட்டுவது பெற்றோரின் முதற்கடமை.