ராஜராஜன் காசும் ஒரு உருண்டை புளியும்

கொஞ்ச நாளா ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இன்னைக்குக் காசு மேட்டர். சம்பளக் காசு இல்லீங்க, சோழர் காசு :-)

பழங்காசு சேர்க்கிறவன்னு தெரிஞ்சா போதும், தஞ்சாவூர்ப் பக்கம் யாராவது ஒருத்தர் பச்சைக் களிம்பு ஏறின செப்புக்காசை நீட்டி, "தம்பி, இது ராஜராஜன் காசா? ஒரிஜினல்தானா? எவ்வளவு போகும்?" என்பார். மூணாவது கேள்வியை விட்டுடுவோம். முதல் இரண்டும்தான் சுவாரசியம்.

ராஜராஜன் (985-1014) வெளியிட்ட செப்புக்காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று நாகரி எழுத்து. "தமிழ் ராஜா காசுல தமிழைக் காணோமே, அப்ப டூப்ளிகேட்" என்று தூக்கிப் போட்டுடாதீங்க. இந்த வகைக்கு நாகரிதான் சரி. உருவமும் குச்சி குச்சியாத்தான் இருக்கும். பெரிய கோயில் சிற்பத்தை மனசில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றம்தான்.

குழப்பம் எங்கே வருதுன்னா, இதே மாதிரிக் காசை இலங்கை அரசர்களும் அடித்தார்கள். 1070-ல் சோழர் ஆட்சி அங்கே முடிந்த பிறகும் இந்த நிற்கும், உட்கார்ந்த உருவங்கள் மாறவில்லை. முதலாம் பராக்கிரமபாகு (1153-1186) காசிலும் இதேதான். அதற்குப் பின் வந்த அரசி லீலாவதியின் காசில் 'ஸ்ரீ ராஜலீலாவதி' என்று இருக்கும். கையால் அடித்த காசு என்பதால் அச்சு ஒரு பக்கமா விலகி, பாதி எழுத்து வெளியே போயிருக்கும். மிச்சம் 'ஸ்ரீ ராஜ' மட்டும் தெரிந்தால்? அடுத்த எழுத்தைப் பார்க்காமல் ராஜராஜன் என்று சத்தியம் பண்ணக்கூடாது.

அடுத்து, போலியா என்பது. பழைய காசு அச்சு வைத்து அடித்தது. போலிகளில் பெரும்பாலானவை அச்சில் உருக்கி ஊற்றியவை. ஊற்றிய காசில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் காற்றுக்குமிழி விட்ட பொடிப்பொடிக் குழிகள் இருக்கும், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரியலாம். இன்னொரு சுலபமான சோதனை: இரண்டு காசை அருகருகே வையுங்கள். ஒரே விலகல், ஒரே வெடிப்பு, ஒரே தேய்மானம் என்றால் இரண்டும் ஒரே வார்ப்புதான். கையால் அடித்த காசுகளில் அது நடக்காது.

எடையும் பார்க்கணும். ராஜராஜனே பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்று பெயர் வைத்த எடைக்கல்லால் நிறுத்துத்தான் கல்வெட்டில் பதிந்தார். ராஜா கொடுத்ததுக்கே எடை, நாமெல்லாம் எம்மாத்திரம்!

இதெல்லாம் தேறின காசைக் கொல்வது யார் தெரியுமா? நாமதான். வீட்டுக்குக் கொண்டு போனதும் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கிறோம். புளியின் அமிலம் களிம்பைக் கரைத்துவிடும். பல நூறு வருஷமாகப் படிந்த அந்தக் கெட்டியான பச்சைப் படலம்தான் வயசுக்குச் சாட்சி, கீழே உள்ள செம்புக்குப் போர்வையும் அதுதான். தேய்ந்த எழுத்தின் கடைசி வரியும் பல சமயம் அதில்தான் நிற்கும். பளபளன்னு ஆனதும் ஒரிஜினலே போலி மாதிரி ஆகிடும். வெளிர் பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தால் மட்டும் அது செம்பைத் தின்னும் நோய். அதற்கும் மருந்து புளி இல்லை, விவரம் தெரிந்தவர் கையில் கொடுக்கணும்.

இன்னொன்று, கிடைத்த இடம். ராஜராஜன் காசு இலங்கையிலும் நிறையக் கிடைத்திருக்கிறது. காவிரி மணலிலா, வயலிலா, கடலோரத்திலா என்பதுதான் அந்தக் காசு எதுவரை போய் வந்தது என்று சொல்லும். மண்ணுக்குள் புதையலாகக் கிடைத்து, 10 ரூபாய்க்கு மேல் மதிப்பும் இருந்தால், கலெக்டரிடம் தெரிவிக்கணும் என்கிறது 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம். இன்றும் அது அமலில் இருக்கிறது.

போலியை வாங்கினால் நம்ம பணம் மட்டும்தான் போகும். உண்மையான காசைத் தேய்த்து, இடத்தையும் மறந்துவிட்டால், அந்த ஊர் வரலாற்றில் ஒரு வரி போயிடும். அதனால, புளியை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் :-)