தென்னிந்திய இலையுதிர் காடுகளில் தீயும் தீ மேலாண்மையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குப் பக்கம், மழை மறைவில் கிடக்கும் முதுமலை, பந்திப்பூர், நாகரகொளை, சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைக் காடுகள் தொன்றுதொட்டு எரிந்துவருபவை. பனி இறங்கும் மாதங்களில் இலை உதிரத் தொடங்கும். ஆள் உயரம் வளர்ந்த புல்லும் சருகும் மார்ச்சுக்குள் மொரமொரவென்று காய்ந்துவிடும். அந்த மாதங்களில் மின்னல் அரிது. ஆகவே இங்கே காட்டுத்தீ என்றால் அது ஏறக்குறைய எப்போதும் மனிதர் வைத்ததாகவோ, மனிதர் கைதவறியதாகவோ இருக்கும். உதிர்ந்த மான்கொம்பைத் தேடுபவர், மேய்ச்சலுக்குப் புதுப்புல் வேண்டுபவர், பீடித்துண்டை வீசிப்போகும் வழிப்போக்கர், வனத்துறை மீது கோபம் கொண்டவர் எனப் பலர் இதில் அடக்கம்.

இக்காடுகளின் மரங்கள் தீயை அறிந்தவை. வேங்கை, வெக்காலி, மருது, நெல்லி ஆகியவற்றின் தடித்த பட்டை, முழங்கால் உயரத்தில் ஓடும் புல்தீயைத் தாங்கிக்கொள்ளும். தேக்கின் இளங்கன்று தீயில் கருகினாலும் வேர் சாவதில்லை. மழை வந்ததும் மீண்டும் துளிர்க்கும். எரிந்த தரையில் தளிர்க்கும் புல்லைத் தேடிப் புள்ளிமானும் காட்டெருமையும் வரும். மலையுச்சிச் சோலைக்காடும் மேற்குச் சரிவின் பசுமைமாறாக் காடும் அப்படியல்ல. மெல்லிய பட்டை கொண்ட அம்மரங்களுக்கு ஒரே ஒரு தீ போதும். காட்டுத்தீ நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை என்பதற்கு இந்த வேறுபாடே சான்று.

தீயோடு மனிதர் வாழ்ந்த வரலாறு நீண்டது. மலைச்சரிவைச் சுட்டுத் தினை விதைத்த புனங்களைச் சங்கப் பாடல்கள் பல இடங்களில் காட்டுகின்றன. நீலகிரியில் தோதவர்கள் எருமை மேய்ச்சலுக்காகப் புல்வெளியை எரித்துவந்தனர். அதை வைத்து, அம்மலையின் புல்வெளிகளே மனிதர் தீயால் உண்டானவை என்று முன்பு எழுதப்பட்டதுண்டு. நீலகிரியின் சாண்டிநல்லா சதுப்பில் படிந்த கரிமத்தை ராமன் சுகுமார் குழுவினர் ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட முடிவுகள் அதற்கு இடம் தரவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாகவே காலநிலை வறண்டபோது புல் பரவியதும் ஈரமானபோது மரம் பரவியதும் அதில் பதிவாகியுள்ளன.

பிலிகிரிரங்கன் மலையின் பழங்குடியினரான சோலிகர்கள் 'தரகு பெங்கி' என்னும் சருகுத் தீயை ஜனவரி, பிப்ரவரியில் வைத்தார்கள். அப்போது தரையில் ஈரம் மிச்சமிருக்கும். புல் பாதிதான் காய்ந்திருக்கும். தீ தாழ்வாக ஓடிச் சருகை மட்டும் தின்றுவிட்டு அணையும். நெல்லி மரத்தைப் பிடிக்கும் புல்லுருவி பெருகாமலும், உண்ணிச்செடியின் நாற்று தலையெடுக்காமலும் இது காத்தது என்பது அவர்கள் கூற்று.

ஆங்கிலேயர் கண்ணுக்குத் தீ என்பது மரத்தின் எதிரி, அதாவது வருவாயின் எதிரி. 1856இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலரான ஹியூ கிளெக்ஹார்ன், காட்டைச் சுட்டுப் பயிரிடும் குமரி வேளாண்மையைக் கடுமையாக எதிர்த்தார். 1864இல் இந்திய வனத்துறை தோன்றி, ஜெர்மானியரான டீட்ரிச் பிராண்டிஸ் அதன் முதல் தலைவரானார். மத்திய மாகாணத்தின் போரி காட்டில் 1860களில் கர்னல் பியர்சன் தீத்தடுப்பைச் செய்துகாட்டியது நாடெங்கும் முன்மாதிரி ஆனது. 1878இன் வனச் சட்டமும் 1882இன் சென்னை வனச் சட்டமும் காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கின. காட்டைப் பிளந்து தீத்தடுப்புக் கோடுகள் வெட்டப்பட்டன. கோடையில் காவலர் அமர்த்தப்பட்டனர்.

கொள்கை முளைத்த கொஞ்ச காலத்திலேயே துறைக்குள் ஐயமும் முளைத்தது. தீ நின்றுபோன பர்மியக் காடுகளில் தேக்குக் கன்று வளரவில்லை. பர்மாவில் தீத்தடுப்பு அளவுமீறிவிட்டது என்று எச். ஸ்லேட் என்ற அலுவலர் 1896இல் 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் எழுதினார். வடக்கே சால் மரக் காடுகளிலும் இதே சிக்கல் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல இடங்களில் முன்பருவ எரிப்பை வனத்துறையே கையில் எடுத்தது. தடைசெய்த பழக்கத்தையே அரசு ஆணையோடு திரும்பச் செய்தார்கள். அதை முன்பே அறிந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. காட்டுரிமை இழந்தவர்களின் கோபம் வேறு வகையில் வெளிப்பட்டது. 1921இல் குமாவுன் மலைகளில் அரசுக் காடுகளுக்கு மக்கள் திட்டமிட்டே தீ வைத்தனர்.

விடுதலைக்குப் பிறகு மர வருவாயின் இடத்தை விலங்குப் பாதுகாப்பு பிடித்தது. தீ பற்றிய பார்வை மட்டும் மாறவில்லை. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயங்களில் தீ வைப்பதைத் தடைசெய்தது. பிலிகிரிரங்கன் மலை 1974இல் சரணாலயமானதும் சோலிகர்களின் தீயும் பெயர்ந்து பயிரிடும் முறையும் ஒருசேர நின்றன.

அந்த வெற்றிடத்தில் பெருகியது உண்ணிச்செடி. 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட இந்த அமெரிக்கப் புதர், இன்று இந்தியாவின் புலி வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கு மேல் பரவியிருக்கிறது. பிலிகிரிரங்கன் மலையில் 1997இல் ஆய்வு செய்த இடங்களில் 41 சதவீதத்தில் இருந்த செடி, 2008இல் 81 சதவீதத்தில் காணப்பட்டது. இதன் அடர்நிழலில் புல் வளராது, மரக்கன்று எழாது. மேயும் விலங்குக்கு வேறு தீனி தேட வேண்டிவரும். காய்ந்த உண்ணிச்செடி மரத்தின்மீது ஏறிப் படர்ந்திருப்பதால், தரையோடு போயிருக்க வேண்டிய தீ கிளை வரை ஏறுகிறது.

தீயால் உண்ணிச்செடி பெருகியதா, தீ நின்றதால் பெருகியதா என்பது இன்னும் தீராத வாதம். எரிந்த வெளியில் செடி புகுந்து, எரிபொருளைக் கூட்டி, அடுத்த தீயை மேலும் கடுமையாக்குகிறது என்று அங்கிலா ஹிரேமத்தும் பரத் சுந்தரமும் 2005இல் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். சில ஆண்டுகள் கழித்து, தீ நின்றதே காரணம் என்னும் சோலிகர்களின் விளக்கத்தையும் அதே ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். இரண்டும் பொருந்தும் என்றே தோன்றுகிறது. பருவத்தில் வைக்கும் தாழ்தீ நாற்றைக் கொல்லும். புதர் மண்டிய பிறகு வரும் கோடைத்தீயில் கிளைதான் எரியும், அடிக்கட்டை அடுத்த மழையில் துளிர்க்கும்.

தீத்தடை தீயைக் குறைத்ததா என்றால் அதுவும் இல்லை. முதுமலையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வோர் இடமும் எரிவதாகவும், 80 ஆண்டுகளில் தீ நிகழும் தடவைகள் மூன்று மடங்கு கூடியதாகவும் நரேந்திரன் கோதண்டபாணி, சுகுமார் முதலானோரின் 2004 ஆய்வு கணக்கிட்டது. இந்த இடைவெளியில் மரக்கன்று தீ எட்டாத உயரத்துக்கு வளர நேரமில்லை. முதிர்ந்த மரங்கள் நிற்பதைப் பார்த்துக் காடு நலம் என்று எண்ணிவிடலாம். அவற்றின் இடத்துக்கு வர வேண்டியவை இல்லை என்பது தாமதமாகத்தான் தெரியவரும்.

காலநிலையின் பங்கு இதன்மேல் வந்து சேர்கிறது. நல்ல மழை பெய்த ஆண்டில் புல் செழிக்கும். அதை அடுத்து வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அத்தனையும் எரிபொருள். 2016இல் தமிழகத்தில் அம்மழை 62 சதவீதம் குறைந்தது. வெப்பம் கூடக்கூடக் காற்று இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் அதிக ஈரத்தை உறிஞ்சுகிறது. பாதுகாப்பாக எரிக்கக்கூடிய குளிர்ந்த வாரங்கள் குறைந்து, கைமீறி எரியும் நாட்கள் கூடுகின்றன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் புல்சரிவில் பரவிய தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற 23 பேர் இறந்தனர். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் 4,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. 2024 மார்ச்சில் குன்னூர் மலைத் தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் நீர் சுமந்து வர வேண்டியிருந்தது.

தடுப்புமுறைகளும் மாறியுள்ளன. செயற்கைக்கோள் காணும் தீயை இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் வனத்துறையினருக்குத் தெரிவிக்கிறது. நாட்டின் காடுகளில் 36 சதவீதத்துக்கு மேல் அடிக்கடி தீப்பற்றக்கூடியவை என்பது அதன் 2019 மதிப்பீடு. செய்தி நொடியில் வந்தாலும் சரிவில் ஏறித் தீயை அடிப்பது இன்றும் பெரும்பாலும் பச்சைத்தழை ஏந்திய தற்காலிகக் காவலர்கள்தான். அவர்களில் பலர் பழங்குடியினர். உண்ணிச்செடியை வேரோடு அகற்றும் பணி முதுமலையிலும் நடக்கிறது. அதன் தண்டிலிருந்து அறைகலன் முதல் ஆளுயரத்தையும் மிஞ்சும் யானைச் சிற்பம் வரை பழங்குடிகள் செய்கிறார்கள். பரப்போடு ஒப்பிட்டால் இதெல்லாம் சொற்பம்.

2006இன் வன உரிமைச் சட்டப்படி, 2011இல் சோலிகர்கள் புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் சமூக வன உரிமை பெற்றனர். நாட்டில் இதுவே முதல்முறை. காட்டுப்பொருள் சேகரிக்கவும் காட்டைப் பேணவும் அந்த உரிமை இடம் தருகிறது. தீ வைப்பதற்கு எதிரான 1972ஆம் ஆண்டுத் தடை அப்படியே இருக்கிறது.